சித்தி வேலை பார்க்கும் பள்ளி

மஸ்கட்
8 மார்ச் 2025

அன்புள்ள பூர்ணிமாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நாங்கள் நால்வரும் சுகம். மாமாவுக்கு மட்டும் முதுகுவலி வந்து வந்து போகிறது. தஞ்சாவூரில் நீயும் தியாகேசனும், குடவாசலில் அப்பா அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்?

போனில் சொன்னால் குடும்பமே கூடிக் கருத்து சொல்லும் என்பதால் மெயிலில் எழுதுகிறேன். திரும்பி வந்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டோம். மாமாவின் கம்பெனி ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது. ஆனால் பள்ளிக்கூடம் ஜூனில் திறந்துவிடும். கவிப்ரியா ப்ளஸ் ஒன், சூர்யபிரகாஷ் ஒன்பதாவது. நடு வருஷத்தில் கொண்டு வந்து எங்கே சேர்ப்பது? அதனால் பிள்ளைகளை முன்னாலேயே அனுப்பிவிட்டு, ஆறு மாதம் உன் வீட்டில் விட்டுவைக்கலாமா என்று யோசிக்கிறோம். உனக்குச் சிரமம் என்றால் கூச்சப்படாமல் சொல்லிவிடு.

பள்ளியைத் தேர்ந்தெடுப்பதுதான் பெரிய தலைவலி. சூர்யாவை எங்கே போட்டாலும் கிரிக்கெட் மட்டையோடு பிழைத்துக்கொள்வான். கவிக்கு வரலாறு வேண்டும். தொல்லியல் படிக்கப் போகிறாளாம். இதற்குக் காரணம் நீதான். போன லீவில் வாய்க்கால் தூர்வாரிக் கொட்டிய மண்ணில் கறுப்பும் சிவப்புமாக ஓடு பொறுக்கிக் காட்டி, இரண்டாயிரம் வருஷத்துச் சட்டி என்று கதை சொன்னாய். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். அங்கே தனியார் பள்ளிகளில் டாக்டர், என்ஜினியர் குரூப்பைத் தவிர வேறு எதையும் மதிப்பதில்லை என்கிறார்களே. கும்பகோணம் பக்கத்தில் கன்னியர் மடத்தார் நடத்தும் பெண்கள் பள்ளியில் வரலாற்றுப் பிரிவும் ஹாஸ்டலும் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறாயா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
செந்தாமரை


தஞ்சாவூர்
15 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு அனைவரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நாக்குதான் கட்டுக்குள் இல்லை. மாமாவின் முதுகுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு.

உன் மெயிலைப் படித்துவிட்டுக் குதித்தேன். சிரமமா? மாடி அறையைக் காலி செய்ய இன்றைக்கே சொல்லிவிட்டேன். உன் பிள்ளைகள் இருப்பதற்கு என்னிடமே கேட்கிறாயே, உன் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும்.

கன்னியர் பள்ளிக்குப் போய் வந்தேன். நல்ல பள்ளிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெண்பிள்ளைகளுக்கு மட்டும். கவி ஹாஸ்டலில், சூர்யா என் வீட்டில் என்று அக்காவையும் தம்பியையும் வந்த வருஷமே பிரித்துப் போடவா?

அதைவிட நல்ல சேதி ஒன்று இருக்கிறது. எங்கள் செங்கழனி வித்யாலயாவிலேயே இந்த வருஷம் ப்ளஸ் ஒன்னுக்கு வரலாற்றுப் பிரிவு தொடங்கப் போகிறார்கள். பதினான்கு வருஷமாகப் பத்தாம் வகுப்பு வரைக்கும் மட்டுமே பாடம் எடுத்த நான்தான் அதற்கு ஆசிரியை. முதல் பெஞ்சில் கவி, கரும்பலகை பக்கத்தில் நான். நினைத்தாலே எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது.

அடுத்த மாதம் கேன்வாசிங் ஆரம்பம். எங்கள் ஊர் வழக்கம் உனக்கு மறந்திருக்கும். லீவு விட்டதும் வாத்தியார்கள் எல்லாம் நோட்டீஸைத் தூக்கிக்கொண்டு, வெயிலில் தெருத்தெருவாகப் பிள்ளை பிடிக்கப் போக வேண்டும். பால்காரர்கூட எங்களைவிடக் கம்பீரமாக வீட்டு வாசலில் நிற்கிறார்.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

அன்புடன்,
பூர்ணிமா


மஸ்கட்
22 மார்ச் 2025

அன்புள்ள பூர்ணிமாவுக்கு,

இங்கே சுகம். ஒத்தடம் கொடுத்தேன், மாமா அதற்குள் ஆபீசையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

நீ எழுதியதைக் கவியிடம் படித்துக் காட்டினேன். "சித்தியே கிளாஸ் எடுப்பாங்களா? அப்ப வேற ஸ்கூலே வேணாம்மா" என்று சொல்லிவிட்டாள். மூன்று பள்ளிகளின் வெப்சைட்டைத் திறந்து வைத்திருந்தவள் எல்லாவற்றையும் மூடிவிட்டாள். நான் அவளுக்கு ஒரு வாக்கு கொடுத்திருந்தேன்: பள்ளியை நீயே தேர்ந்தெடுக்கலாம் என்று. அவள் தேர்ந்தெடுத்துவிட்டாள்.

எனக்குத்தான் அம்மா புத்தி விடவில்லை. புதுப் பிரிவு என்றால் அனுமதி வந்துவிட்டதா? இதுவரை எத்தனை பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள்? பொருளியல் யார் எடுப்பார்கள்? பிள்ளைகள் சேராமல் பிரிவையே மூடிவிட்டால் என் பெண் என்ன செய்வாள்? கோபித்துக்கொள்ளாதே, விசாரித்து எழுது. கன்னியர் பள்ளியிலும் ஒரு இடம் கேட்டு வைத்திருக்கிறேன்.

வெயிலில் குடை இல்லாமல் அலையாதே.

அக்கா,
செந்தாமரை


தஞ்சாவூர்
2 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குத் திட்டாதே. கேன்வாசிங்கில் முகம் கறுத்து, அம்மாவே என்னை யார் என்று கேட்டாள். அம்மாவுக்கு மூட்டுவலிதான், மற்றபடி சுகம். அங்கே நீங்கள் சுகமா?

ஏப்ரல் கடைசியில் பள்ளியில் மீட்டிங்குக்கு மேல் மீட்டிங்காகப் போட்டுத் தள்ளிவிட்டார்கள், மூச்சு விட முடியவில்லை. பொருளியலுக்கு ஹஃப்ஸா மேடம் இருக்கிறார். வணிகவியலும் அவரே. தங்கமான மனுஷி, கவிக்குப் பிடிக்கும். சீருடை மெரூன் கலர். மாடி அறைக்குப் புதுக் கொசுவலை போட்டாயிற்று. சூர்யாவுக்குக் கிரிக்கெட் பயிற்சி சாயங்காலம் பள்ளி மைதானத்திலேயே இருக்கிறது.

கவியின் டிசியையும் மற்ற ஒரிஜினல்களையும் ரிசல்ட் வந்தவுடன் கூரியரில் அனுப்பிவிடு. ஒரிஜினல் கையில் வந்தால்தான் சேர்க்கை உறுதி என்று தாளாளர் கண்டிப்பாகச் சொல்கிறார். இரண்டு பள்ளியிலும் கால் வைத்துக்கொண்டு நிற்காதே அக்கா, பார்ப்பவர்கள் என்னைக் கேட்பார்கள்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

பூர்ணிமா


மஸ்கட்
16 மே 2025

அன்புள்ள பூர்ணிமாவுக்கு,

சுகம். கவி நல்ல மார்க்கில் பாஸ். நீ போனில் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் தெரிந்துவிட்டது.

கன்னியர் பள்ளியிலிருந்து இன்று கூப்பிட்டார்கள். திங்கட்கிழமை வரைதான் இடத்தை வைத்திருப்பார்களாம். உன் மெயிலை மறுபடி எடுத்துப் படித்தேன். கொசுவலை வரைக்கும் எழுதியிருக்கிறாய், சேர்ந்த பிள்ளைகள் எத்தனை என்று எழுதவில்லை. அனுமதி பற்றியும் எழுதவில்லை. பிரிவு நிச்சயமா, பூர்ணிமா? ஒரே வார்த்தை போதும். நீ சொன்னால் நான் வேறு யாரையும் கேட்க மாட்டேன்.

அக்கா


தஞ்சாவூர்
17 மே 2025

அக்கா,

இங்கே சுகம், அங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

நான் இருக்கிற இடத்தில் உன் பிள்ளைக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது? அவள் எனக்கும் பிள்ளைதானே. கன்னியர் பள்ளிக்கு வேண்டாம் என்று சொல்லிவிடு. கூரியரை உடனே அனுப்பு.

பூர்ணிமா


மஸ்கட்
10 ஜூலை 2025

அன்புள்ள பூர்ணிமாவுக்கு,

நானும் மாமாவும் நலம். பிள்ளைகள் இல்லாத வீட்டில் சாப்பாட்டுக்குக்கூட ருசி இல்லை. இத்தனை நாள் என் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டு, துவைத்துப் போட்டு, காய்ச்சலுக்கு விழித்திருந்து பார்க்கிறாய். அதற்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போகிறேனோ.

ஒன்றுதான் உறுத்துகிறது. போனில் கவியிடம் என்ன கேட்டாலும் "பரவாயில்லம்மா" என்கிறாள். கூடத்தில் ஸ்பீக்கர் போட்டுப் பேசுவதால் மேலே கேட்கவும் முடியவில்லை. நேற்று சூர்யா வாய் தவறி, "அக்கா காமர்ஸ் நோட்டுல எல்லாருக்கும் கணக்கு எழுதிக் குடுக்குது" என்றான். வரலாற்றுப் பிரிவுப் பிள்ளைக்குக் காமர்ஸ் நோட்டு எதற்கு? வகுப்பு தொடங்கிவிட்டதா இல்லையா? எழுது.

தியாகேசனையும் உன்னையும் நன்றியோடு நினைத்துக்கொண்டு,
அக்கா


தஞ்சாவூர்
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் சுகம். நேற்று ஆடிப்பெருக்கு. பிள்ளைகளை ஆற்றுக்குக் கூட்டிப் போனேன். சூர்யா நனைந்த சட்டையோடு நாலு விதச் சாதத்தையும் ஒரு கை பார்த்தான். இந்த வருஷம் மேட்டூர் தண்ணீர் நேரத்துக்கு வந்துவிட்டது. அப்பா குறுவை நட்டுக் களை எடுத்தாயிற்று. ஆள் கிடைக்காமல் மிஷின் வைத்து நட்டார்கள். பயிர் கரும்பச்சையாக நிற்கிறது, பூச்சி இல்லை. யூரியாவுக்குத்தான் அலைச்சலாம். வாய்க்கால் தலைப்பில் பக்கத்து வயல்காரரோடு வழக்கம்போல ஒரு சண்டை, வழக்கம்போல மறுநாள் சமாதானம்.

பிரிவு தொடங்கக் கொஞ்சம் தாமதமாகிறது. அதுவரை கவி வணிகவியல் வகுப்பில் உட்காருகிறாள். பாடம் வீணாகாது, எதுவும் தெரிந்திருந்தால் நல்லதுதானே. நீ மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. அவளையும் போனில் துருவிக் கேட்காதே, பிள்ளை சங்கடப்படுகிறாள்.

மாமாவின் முதுகு எப்படி இருக்கிறது?

பூர்ணிமா


தஞ்சாவூர்
4 செப்டம்பர் 2025

அம்மா,

நான் நல்லா இருக்கிறேன். தம்பியும் நல்லா இருக்கிறான். அப்பாவை மாத்திரை போடச் சொல். வீட்டிலிருந்து எழுத முடியாது என்பதால் ஷிஃபாவின் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஷிஃபா என் வகுப்புத் தோழி.

நாளை லீவு என்பதால் ஆசிரியர் தினத்தை இன்றைக்கே கொண்டாடினார்கள். பாட்டு, டான்ஸ் எல்லாம் முடிந்ததும் தாளாளர் அரசப்பன் சார் மைக்கைப் பிடித்தார். இந்த வருஷம் அதிகப் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்த ஆசிரியர்களுக்குப் பரிசு என்றார். முதல் பரிசு சித்திக்கு. பொன்னாடை போர்த்தி, வெள்ளிக் குத்துவிளக்கு கொடுத்தார்கள். அதோடு அவர் விட்டிருக்கலாம். "மத்த டீச்சருங்க தெருவுல போயி பிள்ளைங்கள கூட்டியாந்தாங்க. நம்ம பூர்ணிமா மேடம் கடல் தாண்டிக் கூட்டியாந்திருக்காங்க! சொந்த அக்கா பிள்ளைங்க! எங்கம்மா அந்தப் பொண்ணு? எந்திரிச்சு நில்லு, எல்லாரும் பாக்கட்டும்" என்றார். நான் எழுந்து நின்றேன். பள்ளிக்கூடமே கை தட்டியது. நானும் கை தட்டினேன் அம்மா. என்ன செய்வதென்று தெரியவில்லை.

முடிந்ததும் ஹஃப்ஸா மேடத்திடம் போய், ஹிஸ்டரி குரூப் எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டேன். அவர் முழித்தார். "எந்த குரூப்? ஆளு சேரலன்னு ஏப்ரல் மீட்டிங்லயே அத வேணாம்னு முடிவு பண்ணிட்டாங்களேம்மா. சித்தி சொல்லலையா? என் பக்கத்து சேர்லதானே உக்காந்திருந்தாங்க" என்றார். சொன்ன பிறகு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவர் முகமே மாறிவிட்டது. பாவம்.

ஏப்ரலில் அம்மா. அப்போது என் டிசி மஸ்கட்டில் இருந்தது.

நான் தினமும் சித்தியிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். இட்லி ஊற்றும்போது, ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது. "அடுத்த வாரம்டி செல்லம்" என்பார்கள். ஒரு நாள் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே அப்படிச் சொன்னார்கள். அந்தக் கையை நினைத்தால் எனக்கு இப்போது உடம்பெல்லாம் எரிகிறது. அழுகை வரவில்லை, கோபம்தான் வருகிறது.

சாயங்காலம் அந்த விளக்கைப் பூஜை அறையில் வைத்து, "கவி, எண்ணெ எடுத்துட்டு வா. மொத மொத நீ ஏத்து" என்றார்கள். ஏற்றினேன். சித்தப்பாவும் தம்பியும் பக்கத்தில் நின்றார்கள், எப்படி மாட்டேன் என்பது?

நீ வா அம்மா.

கவி


மஸ்கட்
6 செப்டம்பர் 2025

பூர்ணிமா,

நலம் கேட்க இன்று கை வரவில்லை.

விளக்கு எப்படி எரிகிறது?

ஏப்ரலிலேயே உனக்குத் தெரியும். மே மாதம் நான் ஒரே வார்த்தை போதும் என்று கேட்டேன். நீ அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. பொய் சொன்னதாகவும் ஆகாமல், உண்மையும் வெளியே வராமல், "அவள் எனக்கும் பிள்ளைதானே" என்று எழுதினாய். அதை நான் உறுதிமொழி என்று எடுத்துக்கொண்டேன். கன்னியர் பள்ளிக்கு என் வாயாலேயே வேண்டாம் என்று சொன்னேன். அந்தப் பள்ளியில் இன்று விசாரித்தேன். இனி இந்த வருஷம் சேர்க்க வழியில்லை, அடுத்த ஜூனில் ப்ளஸ் ஒன்னை மறுபடி முதலிலிருந்துதான் படிக்க வேண்டுமாம். என் பெண்ணுக்கு ஒரு வருஷம் போயிற்று.

வேலைக்கு ஆபத்து என்றால் சொல்லியிருக்கலாமே. மஸ்கட்டில் இருந்து திரும்புகிற பத்து வீட்டில் போய் உனக்காக நானே கேன்வாஸ் செய்திருப்பேன். சூர்யாவை மட்டும் சேர் என்றிருந்தால் வாயைத் திறக்காமல் சேர்த்திருப்பேன். வரலாறு என்று ஆசை காட்டித் தலையில் கை வைக்க உனக்கு என் பெண்தான் கிடைத்தாளா? உன்னை ஆசிரியை என்று நம்பி மற்ற எல்லாவற்றையும் மூடி வைத்தவளா?

வெளியாள் செய்திருந்தால் ஏமாற்று. நீ செய்தது துரோகம். வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அடுத்த மாதம் நான் மட்டும் முன்னதாக வருகிறேன். அதுவரை என் பிள்ளைகளுக்குச் சோறு போடு. அதில் நீ குறை வைக்க மாட்டாய் என்று தெரியும். அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

செந்தாமரை


தஞ்சாவூர்
19 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாளை தீபாவளி. நீ வந்து இறங்கியதும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நேராகக் குடவாசலுக்குப் போய்விட்டாய். என் வீட்டு வாசல் வரை வந்து உள்ளே வராமல், ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தாய். அப்பா அம்மா நலமா? இங்கே மழை விடவில்லை. அப்பாவின் குறுவை நெல் ஈரமாகக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டேன்.

ஆறு வாரமாகத் தினமும் எழுத உட்கார்ந்தேன். பிள்ளை சேர்க்காதவர்கள் ஜூனில் வர வேண்டாம் என்று ஏப்ரல் மீட்டிங்கில் தாளாளர் எல்லார் முன்னாலும் சொன்னார். அன்றைக்கு என் கணக்கில் பிள்ளைகள் குறைவு. வரலாற்றுப் பிரிவுக்குக் கவியையும் சேர்த்து மூன்று பேர்தான். அது இல்லை என்று ஆன அன்று நான் பள்ளிப் பாத்ரூமில் நின்று அழுதேன். நீ நிச்சயமா என்று கேட்டபோது இல்லை என்று டைப் செய்துவிட்டு அழித்தேன். எப்படியாவது இன்னும் நாலு பேரைப் பிடித்துத் திறக்கவைத்துவிடலாம் என்று நினைத்தேன். சொன்னால் நம்ப மாட்டாய். தொல்லியலுக்குக் கல்லூரியில் போய்க்கூடச் சேரலாம் அக்கா, எந்தக் குரூப்பாக இருந்தால் என்ன?

இன்னொன்று. நீ டிசி கேட்டுப் பள்ளிக்குப் போனதாகச் சொன்னார்கள். பிரிவு இல்லை என்று காரணம் எழுதி வாங்கினால், ஏமாற்றிச் சேர்த்ததாக என்மேல் வரும். என் கணக்கிலிருந்து இந்த இரண்டு சேர்க்கையையும் கழித்துவிடுவார்கள். குடும்பம் இடம் மாறுகிறது என்று எழுதினால் ஒன்றும் ஆகாது. அப்படி எழுதச் சொல் அக்கா. கேட்க எனக்கு முகம் இல்லைதான். கேட்கிறேன்.

கவி என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா?

பூர்ணிமா


அனுப்புநர்:
கு. கவிப்ரியா,
பதினோராம் வகுப்பு, வணிகவியல் பிரிவு.

பெறுநர்:
திருமதி தி. பூர்ணிமா,
வரலாற்று ஆசிரியை,
செங்கழனி வித்யாலயா, தஞ்சாவூர்.

குடவாசல்
27 அக்டோபர் 2025

மதிப்பிற்குரிய அம்மையீர்,

பொருள்: எனக்கும் என் தம்பிக்கும் மாற்றுச் சான்றிதழ் வேண்டுதல்.

பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்த ஆசிரியர் வழியாகத்தான் டிசி கேட்க வேண்டும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அதனால் இதைத் தங்களுக்கு எழுதுகிறேன். நலம் விசாரிக்க விண்ணப்பத்தில் இடம் கிடையாது.

காரணம்: தந்தையின் வெளிநாட்டு வேலை முடிந்து, குடும்பம் கும்பகோணத்துக்கு இடம் மாறுகிறது.

உண்மையை எழுது என்றுதான் அம்மா சொன்னார்கள். தாத்தாவும் அதையே சொன்னார். நான் மாட்டேன் என்றேன். என்னால் உங்கள் வேலை போக வேண்டாம். இதற்காக அம்மா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. நான் எழுதிக் கையெழுத்துப் போடும் முதல் பொய் இது, சித்தி. இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

விண்ணப்பத்தைத் தாளாளருக்கு அனுப்பி, சான்றிதழ்களைப் பெற்றுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்களிடம் வரலாறு படிக்க வந்து, தங்கள் வகுப்பில் ஒரு நாளும் உட்காராத மாணவி,
கு. கவிப்ரியா